கணக்கை வெளியே கொடுத்தா கர்த்தர் கோவிச்சுக்குவாரா?

டிஸ்கி: இது சர்ச்சைத் திட்டற பதிவு இல்லை. சர்ச்சை வந்தா நான் பொறுப்பில்லை :-) அடியேன் ஞாயிறு தவறாம கோயிலுக்குப் போறவன், பாடகர் குழுவுல பேஸ் பாடறவன் (சுமாராத்தான்). "பார்த்தீங்களா, இவங்க எல்லாம் இப்படித்தான்"னு கும்மியடிக்க வர்றவங்க தயவுசெய்து வேற கடை பாருங்க.

ரெண்டு வாரம் முன்னாடி எங்க சபையில கமிட்டிக் கூட்டம். சென்னைப் புறநகர்ல நூத்துச்சொச்சம் குடும்பம் இருக்கற சபை. அஜெண்டாவுல கடைசியா ஒரு தீர்மானம்: மாசா மாசம் கணக்கு எழுதற வேலையை வெளியே ஒரு ஆபீஸ்கிட்ட கொடுக்கலாமா? கொண்டு வந்தது நான்தான். பத்தே நிமிஷத்துல படுத்துடுச்சு. ஓட்டெடுப்புக்குக்கூடப் போகலை. ஒரு பெரியவர் எழுந்தார். "தம்பி, காணிக்கைக் கணக்கை வெளியாள்கிட்ட கொடுக்கறது பலிபீடத்தை வாடகைக்கு விடற மாதிரி"ன்னார். உடனே நாலு பக்கமும் "ஆமா, ஆமா". ஐயர் ஜெபம் பண்ணி முடிச்சு வச்சுட்டார். (எங்க திருநெல்வேலிப் பக்கம் சி.எஸ்.ஐ. பாதிரியாரை ஐயர்னுதான் கூப்பிடுவோம். குழம்ப வேண்டாம்.) அப்புறம் டீ, வடை.

கூட்டத்துல எனக்கு வாய் வரலை. எப்பவும் இப்படித்தான், வீட்டுக்கு வந்து சட்டையைக் கழட்டும்போதுதான் பதில் எல்லாம் வரிசையா நிக்கும். கேட்க ஆள் இல்லை, அதனால உங்ககிட்ட கொட்டறேன்.

பொழைப்புக்கு நான் என்ன ஆணி பிடுங்கறேன்னு இங்க எழுதினதே இல்லை. அமெரிக்கச் சபைகளுக்குக் கணக்கு எழுதறேன். நிஜமாத்தான். சென்னையில ஒரு ஆபீஸ், பேர் வேண்டாம். என் கையில இப்ப பதினோரு சபை இருக்கு. டெக்சாஸ்ல நாலு, ஒஹாயோவுல மூணு, மிச்சம் அங்கங்கே. பெரும்பாலும் நூறு, நூத்தம்பது பேர் வர்ற சின்னச் சபைகள். ஒண்ணைக்கூட நேர்ல பார்த்ததில்லை. ஆனா எந்த மாசம் கூரை ஒழுகுச்சு, பியானோவுக்கு சுருதி சேர்க்க எவ்வளவு ஆச்சு, வாலிபர் கூட்டத்துக்கு எத்தனை பீட்சா வந்துச்சுன்னு கேளுங்க, சொல்றேன்.

வேலை எப்படி நடக்குதுன்னு கொஞ்சம் சொல்லிடறேன், அப்பதான் நான் எதுக்குக் குதிக்கறேன்னு புரியும். ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் சபையில ரெண்டு பேர் உட்கார்ந்து காணிக்கையை எண்ணணும். அந்த ரெண்டு பேரும் சொந்தக்காரங்களா இருக்கக் கூடாது. புருஷனும் பெண்டாட்டியும் எண்ணினா அது ஒரு ஆள் எண்ணின கணக்குதான். நோட்டு எவ்வளவு, செக் எவ்வளவு, எந்த நிதிக்கு எவ்வளவுன்னு ஒரு தாள்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து. பணம் அன்னிக்கோ மறுநாளோ பேங்குக்குப் போயிடும். தாளை ஸ்கேன் பண்ணி எங்களுக்கு அனுப்புவாங்க. நாங்க அதை குவிக்புக்ஸ்ல ஏத்தி, பேங்க் ஸ்டேட்மென்ட்டோட வரிக்கு வரி ஒத்துப் பார்ப்போம். எங்களால பேங்க் கணக்கைப் பார்க்கத்தான் முடியும், ஒரு சென்ட் நகர்த்த முடியாது. செக்குல கையெழுத்துப் போடறவர் அங்கே வேற ஒருத்தர். மாசம் 10 தேதிக்குள்ள அறிக்கை கமிட்டி உறுப்பினர் எல்லாருக்கும் ஒரே நேரத்துல போகும். போதகருக்கு மட்டும் முதல்ல போகாது.

ஆக எண்ணறவர் ஒருத்தர், எழுதறவர் ஒருத்தர், பணம் எடுத்துக் கொடுக்கறவர் ஒருத்தர். பெரிய கம்பெனியில இது அரிச்சுவடி. சின்னச் சபையில? மூணையும் செய்யறது ஒரே மனுஷன். கோயில் சாவி, ஜெனரேட்டர் டீசல், பந்தல்காரர் நம்பர் எல்லாமே அவர்கிட்டதான் இருக்கும். ஆள் பத்தாக்குறை, யாரையும் குத்தம் சொல்றதுக்கில்லை. மூணுல ஒரு வேலையைப் பிரிச்சு வெளியே தள்ளறதுதான் இருக்கறதுலயே மலிவான வழி. எண்ணறதை வெளியே கொடுக்க முடியாது, கையெழுத்தைக் கொடுக்கக் கூடாது. மிச்சம் இருக்கறது எழுதற வேலை.

"அமெரிக்காக்காரன் சோம்பேறி, எல்லாத்தையும் நம்ம தலையில கட்டறான்"னு கமிட்டியில ஒருத்தர் சொன்னார். காசு மிச்சம்ங்கறது உண்மைதான், மறுக்கலை. ஆனா அது மட்டும் இல்லை. அந்த ஊர்ல தர்ம அமைப்புகள் வருஷா வருஷம் வருமானவரித் துறைக்கு 990 வரிசைப் படிவம் ஒண்ணு கொடுக்கணும், அதைப் பொதுஜனம் யார் வேணும்னாலும் பார்க்கலாம். சபைகளுக்கு மட்டும் அதுல விலக்கு. வெளியில இருந்து யாரும் எட்டிப் பார்க்கப் போறதில்லைன்னா, உள்ளே இருக்கறவங்கதான் பார்த்துக்கணும். அதுக்கு மேல வரி விஷயம் ஒரு தனித் தலைவலி. அங்கே போதகர் வருமானவரிக்கு ஊழியர். அதே மனுஷன் சமூகப் பாதுகாப்பு வரிக்கு மட்டும் சுயதொழில் செய்யறவர். அவரோட வீட்டுப்படியை கமிட்டி முன்கூட்டியே தீர்மானம் போட்டு ஒதுக்கியிருந்தாத்தான் அதுக்கு வருமானவரி விலக்கு. வருஷம் முடிஞ்சப்புறம் முன்தேதி போட்டு எழுத முடியாது. ஒரே தடவையா 250 டாலரோ அதுக்கு மேலயோ காணிக்கை போட்டவருக்கு சபை எழுத்துல ரசீது கொடுக்கணும், பதிலுக்கு எதுவும் கொடுத்தோமா இல்லையாங்கறதையும் அதுல சொல்லணும். இல்லைன்னா அவருக்கு வரிக்கழிவு கிடையாது. பகல்ல பல் பிடுங்கிட்டு ராத்திரி சபைக் கணக்கு எழுதற ஒரு டாக்டருக்கு இதெல்லாம் தெரியணும்னு எதிர்பார்க்கறது பாவம்.

சரி, அந்தப் பெரியவரோட அசல் வாதத்துக்கு வர்றேன். அவர் சொன்னதோட சாரம்: நம்ம பணம், நம்ம கோயில், நம்ம ஆளு பார்த்துக்குவார், நம்பிக்கை வேணும்.

இந்த "நம்ம ஆளு" இருக்காரே, அவரைப் பத்திக் கொஞ்சம் பேசுவோம். 1990ல இருந்து 1995 வரைக்கும் அமெரிக்க எபிஸ்கோபல் சபையோட தேசியப் பொருளாளர் அந்தச் சபைப் பணத்துல 22 லட்சம் டாலரைச் சுருட்டினார். வெளியாள் இல்லை. தலைமையோட முழு நம்பிக்கை பெற்றவர், போதகரோட மனைவி. 1996ல அஞ்சு வருஷம் ஜெயில் தண்டனை ஆச்சு. இன்னொண்ணு. வில்லனோவா பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் ரெண்டு பேர் அமெரிக்கக் கத்தோலிக்க மறைமாவட்டங்களுக்கு ஒரு கேள்வித்தாள் அனுப்பினாங்க. 2007 ஆரம்பத்துல முடிவு பத்திரிகைகள்ல வந்துச்சு. பதில் போட்டது 78 மறைமாவட்டம். அதுல 85 சதவீதம், முந்தின அஞ்சு வருஷத்துல கையாடல் கண்டுபிடிச்சதா ஒத்துக்கிச்சு. பதில் போட்டவங்களே இப்படி. போடாதவங்களைப் பத்தி நான் எதுவும் சொல்லலை :-)

கையாடல் பண்ணணும்னா முதல்ல பணம் கைக்கு வரணும். பணம் யார் கைக்கு வரும்? நம்பறவங்க கைக்குத்தான் வரும். ரோட்டுல போறவனை யாரும் காணிக்கைப் பையைத் தூக்கிட்டு வான்னு சொல்றதில்லை. சுவிசேஷத்துலயே பன்னிரண்டு பேர்ல பணப்பை யார்கிட்ட இருந்துச்சுன்னு ஞாயிறு பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்குத் தெரியும். அவனும் நம்ம ஆளுதான்.

இதை நான் கூட்டத்துல சொல்லியிருந்தா அடிதான் விழுந்திருக்கும். "அப்ப நம்ம பொருளாளர் திருடர்ங்கறியா?"ன்னு கேட்டிருப்பாங்க. இந்தக் கேள்விதான் தமிழ்நாட்டுல எல்லா சபையிலயும் கணக்குக் கேட்கறவன் வாயை அடைக்கற கேள்வி. எங்க பொருளாளர் தங்கமான மனுஷன். சொந்தக் காசைப் போட்டு பல்ப் மாத்தறவர். அவருக்காகத்தான் நான் தீர்மானமே கொண்டு வந்தேன். யாருக்கும் அது புரியலை, அவருக்கே புரியலை. வருத்தமா என்னைப் பார்த்தார்.

எனக்கு ஏன் இதுல இவ்வளவு சூடு ஏறுதுன்னா, எங்கப்பா ஊர்ல சபைப் பொருளாளரா இருந்தவர்.

அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். ஊர்ல எல்லாருக்கும் சார்வாள். 1993ல அறுப்பின் பண்டிகை. எங்க பக்கத்து ஆளுங்களுக்கு விளக்க வேண்டாம், மத்தவங்களுக்காக: விளைஞ்சதுல ஒரு பங்கைக் கோயிலுக்குப் படைப்பாங்க. பூசணி, வாழைத்தார், கோழி, ஆட்டுக்கிடா, அச்சுமுறுக்கு டின்னு எல்லாம் வரும். சாயங்காலம் ஏலம். அந்த ஏலம் ஒரு தனிக் கூத்து. மைக்கும் பெட்ரோமாக்ஸும் இருக்கும், பம்பாய்ல இருந்து வந்தவங்களும் வந்திருப்பாங்க. இருபது ரூபாய் பூசணியை முந்நூறுக்குக் கேட்பாங்க. ஒருத்தர் நானூறுன்னா அவர் மச்சினர் நானூத்தம்பதும்பார். பக்தி பாதி, வீறாப்பு பாதி. ராத்திரி ஐயர் மைக்ல அறிவிச்சார்: மொத்த ஏலத் தொகை 14,260 ரூபாய். எல்லாரும் கைதட்டினாங்க.

அந்த ராத்திரி அப்பா கைக்கு வந்தது 9,810. மிச்சம் 4,450 ரூபாய் "அடுத்த வாரம் தர்றேன் சார்வாள்". ஏலம் கேட்டவங்க எல்லாம் மாமா, சித்தப்பா, பக்கத்து வீடு. கமிட்டி மினிட் புக்குல 14,260ன்னு ஏறிடுச்சு, ஐயர் சொன்னது அதானே. அப்பாவோட நீள நோட்டுலயும் அதே தொகையை வரவுல எழுதிட்டார். கணக்கு தெரிஞ்சவங்களுக்கு இங்கேயே புரிஞ்சிருக்கும். வந்த பணம் வேற, வரவேண்டிய பணம் வேற. ரெண்டையும் ஒரே பத்தியில போட்டா வித்தியாசம் எழுதினவன் தலையிலதான் விழும். அப்பாவுக்கு அந்த வித்தியாசம் தெரியாம இல்லை. பாக்கி வச்சிருந்தவங்க பேரை ஒரு காலண்டர் தாள் பின்னாடி பென்சில்ல எழுதி வச்சிருந்தார். கோயில் நோட்டுல சொந்தக்காரன் பேரை கடன்காரன்னு எழுதக் கை வரலை. அவ்வளவுதான் அவர் செஞ்ச தப்பு.

மார்ச் மாசம் வரைக்கும் 1,300 வந்துச்சு. 3,150 வரலை. வருஷக் கணக்குப் பார்க்க சபையிலயே ரெண்டு பேரை நியமிச்சாங்க. பாஸ்புக்கையும் நோட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சாங்க. "சார்வாள் கணக்குல துண்டு விழுதே"ன்னு முதல்ல சத்தம் போட்டவர், கிடாய் ஏலத்துல 850 ரூபாய் பாக்கி வச்சிருந்தவர். அப்பா அந்தக் காலண்டர் தாளை எடுத்துக் காட்டலை. ஏன்னு அம்மா எத்தனையோ தடவை கேட்டிருக்கா. "சபையில ஒருத்தனை அவமானப்படுத்தவா?"ன்னு ஒரே பதில். அம்மா சங்கிலியை அடகு வச்சு 3,150 ரூபாயைக் கட்டினார். கட்டினா முடிஞ்சிடும்னு நினைச்சார். அங்கேதான் ஆரம்பிச்சுது. எடுக்காதவன் எதுக்குக் கட்டணும்?

அதுக்கப்புறம் பதினெட்டு வருஷம் அப்பா கடைசி பெஞ்சுலதான் உட்கார்ந்தார். 2011ல அடக்க ஆராதனை அன்னிக்கு, வாசல்ல நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒருத்தர் சொன்னது என் காதுல விழுந்துச்சு. "சார்வாள் நல்ல மனுஷன். கணக்குலதான் கொஞ்சம்..."

அந்த "கொஞ்சம்" என்னன்னு எந்த நோட்டைக் காட்டி நான் நிரூபிக்கறது? காலண்டர் தாள் கரையானுக்குப் போயிடுச்சு.

அந்த வருஷம் டவுன்ல ஏதோ ஒரு ஆபீஸ்ல முகம் தெரியாத ஒரு குமாஸ்தா எங்க சபைக் கணக்கை எழுதியிருந்தா என்ன ஆகியிருக்கும்? ஏலச் சீட்டுக் கட்டை அவன் மேஜையில வச்சிருப்பாங்க. "வரவேண்டியது"ன்னு ஒரு பத்தி போட்டு, கிடாய் 850ன்னு பேரோட எழுதியிருப்பான். அவனுக்கு அவர் மாமாவும் இல்லை, சித்தப்பாவும் இல்லை. மாசா மாசம் அந்தப் பட்டியல் கமிட்டி முன்னாடி வந்திருக்கும். பேர் வர்ற வெக்கத்துலயே பாதிப் பேர் கொடுத்திருப்பாங்க. எங்கப்பா வாயால யாரையும் எதுவும் கேட்டிருக்க வேண்டியதில்லை. அந்நியனுக்கு இருக்கற ஒரே தகுதி அவனுக்கு யாரையும் தெரியாதுங்கறதுதான், அதுக்காகத்தான் அவனுக்குக் காசு கொடுக்கச் சொல்றேன்.

பெரியவர் வேதத்துல இருந்தும் ஒண்ணு எடுத்து விட்டார். 2 இராஜாக்கள் 12. யோவாஸ் காலத்துல ஆலயத்தைப் பழுதுபார்க்கப் பணம் வாங்கினவங்ககிட்ட கணக்கே கேட்கலை, அவங்க உண்மையா நடந்துகிட்டாங்கன்னு 15-ஆம் வசனம். சரிதான், இருக்கு. ஆனா அதே அதிகாரத்துல அஞ்சு வசனம் மேல போய்ப் படிக்கணும் பெரியவரே. ராஜா பட்டத்துக்கு வந்து 23 வருஷம் ஆகியும் ஆசாரியர்கள் வாங்கின பணத்துல பழுதுபார்க்கற வேலை நடக்கலை. அதுக்கப்புறம்தான் யோய்தா ஒரு பெட்டி எடுத்து, மூடியில ஓட்டை போட்டு, பலிபீடத்துக்குப் பக்கத்துல வைக்கறார். பெட்டி நிறைஞ்சா யார் எண்ணறது? பிரதான ஆசாரியர் தனியா இல்லை. ராஜாவோட சம்பிரதி அரண்மனையில இருந்து வருவார், ரெண்டு பேரும் சேர்ந்து எண்ணுவாங்க. சம்பிரதின்னா அந்தக் காலத்துக் கணக்கர். வெளியாள்! பலிபீடத்துக்குப் பக்கத்துலயே வெளியாள் வந்து நின்னிருக்கார், யாரும் வாடகைக்கு விட்டதா நினைக்கலை. எண்ணற இடத்துல ரெண்டு பேர் இருந்ததாலதான் அதுக்கப்புறம் கொத்தனார்கிட்ட கணக்கு கேட்காம இருக்க முடிஞ்சுதுன்னு நான் படிக்கறேன். பவுலும் எருசலேம் ஏழைகளுக்குக் காணிக்கை சேர்த்தப்ப, சபைகள் தேர்ந்தெடுத்த ஒரு சகோதரனைக் கூடவே அனுப்பினார். இந்தப் பெரிய தொகையைக் கையாளறதுல ஒருத்தனும் தன்மேல குறை சொல்லிடக் கூடாதுங்கற கவலை அவருக்கே இருந்துச்சு. கொரிந்தியருக்கு எழுதின ரெண்டாம் நிருபம், 8-ஆம் அதிகாரம். பவுலுக்கே தேவைப்பட்டது நம்ம சபைப் பொருளாளருக்கு வேண்டாமாம்.

அடுத்து ரகசியம். யார் எவ்வளவு காணிக்கை போட்டாங்கன்னு வெளியாளுக்குத் தெரியலாமா? கேட்க நல்ல கேள்விதான். ஆனா கேட்கற சபை எது? பண்டிகை நன்கொடைப் பட்டியலை நோட்டீஸ் அடிச்சு வீட்டுக்கு வீடு கொடுக்கற சபை. ஃபேன்ல பேரு, பெஞ்சுல பேரு, மார்பிள்ல பேரு. அமெரிக்காவுல ஒரு பாட்டி மாசம் 40 டாலர் போடறாங்கன்னு எனக்குத் தெரியும். அந்தப் பாட்டியை நான் ஜென்மத்துல பார்க்கப் போறதில்லை. ஆனா எங்க சபையில யார் தசமபாகம் குறைச்சாங்கன்னு பொருளாளருக்குத் தெரியும், அவர் பக்கத்துத் தெரு. அவர் வாயைத் திறக்காதவர்ங்கறது அவர் குணம். அடுத்து வர்றவர் அப்படி இருப்பார்னு என்ன உத்தரவாதம்?

"ஆடிட்டர்தான் வருஷா வருஷம் கையெழுத்து போடறாரே"ன்னும் ஒருத்தர் கேட்டார். வருஷம் முடிஞ்சப்புறம் ஒரு மஞ்சப்பை நிறைய வவுச்சர் போகும். பொருளாளர் போட்டுக் கொடுத்த சுருக்கத்தை வச்சு அவர் தைப்பார். ஏப்ரல்ல காணாமப் போன காணிக்கை அடுத்த ஜூன்ல அவருக்கு எப்படித் தெரியும்? செலவு விஷயத்துல நான் வாதம் பண்ண விரும்பலை. அசன விழாவுல மிஞ்சிப் போற பிரியாணிக் காசு போதும்.

இப்ப என் பக்கத்து ஓட்டையையும் சொல்லிடறேன், இல்லைன்னா கம்பெனி விளம்பரம் மாதிரி ஆயிடும்.

வெளியே இருந்து கணக்கு எழுதறவனுக்குத் தெரியறது காகிதத்துல வந்தது மட்டும்தான். தட்டுல விழுந்து தாள்ல ஏறாத பணத்தை எந்த குவிக்புக்ஸும் கண்டுபிடிக்காது. ஒரு சபை. எங்கேன்னு சொல்ல மாட்டேன். வாராவாரம் எண்ணின தாள் ஒழுங்கா வரும், ரெண்டு கையெழுத்தும் இருக்கும். நாலைஞ்சு மாசம் கழிச்சு ஒருநாள் எல்லாத் தாளையும் வரிசையா திரையில வச்சுப் பார்த்தேன். ரெண்டு கையெழுத்தும் ஒரே கை. ஒரே பேனா, ஒரே சாய்வு. ரொக்கம் மட்டும் மாசா மாசம் கொஞ்சம் கொஞ்சமாக் குறைஞ்சுகிட்டே வந்துச்சு, செக் அப்படியே இருக்கு. ஆள் வரத்து குறைஞ்சா ரெண்டும் சேர்ந்துதானே குறையணும்? என் மேலதிகாரி மூலமா பணிவா ஒரு மெயில் போட்டோம். பதில் வந்துச்சு: தகவலுக்கு நன்றி, அந்த அம்மா முப்பது வருஷமா எங்க சபையில இருக்காங்க, எங்களுக்கு முழு நம்பிக்கை. அவ்வளவுதான். அந்த வருஷக் கடைசியில எங்க சேவை வேண்டாம்னுட்டாங்க. அந்த அம்மா குற்றவாளியா இல்லையான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. மூட்டுவலியில கூட எண்ணறவங்க வராம, ஒரே ஆளா ரெண்டு கையெழுத்தும் போட்டிருக்கலாம். அப்படின்னா அவங்களும் எங்கப்பா மாதிரிதான், நாளைக்கு யாராவது விரல் நீட்டினா காட்ட ஒண்ணும் இருக்காது.

இன்னொரு ஓட்டை, மெயில். 2019ல ஒஹாயோ மாநிலம் ப்ரன்ஸ்விக்ல புனித அம்புரோஸ் கத்தோலிக்கப் பங்குல இது நடந்துச்சு. கோயில் சீரமைப்பு வேலை நடந்துகிட்டிருந்தப்ப, ஒப்பந்தக்காரர் பேங்க் கணக்கை மாத்திட்டார்னு நம்ப வச்சு, வந்த மெயிலை நம்பி 17.5 லட்சம் டாலரை அனுப்பிட்டாங்க. மெயிலை உடைச்சு உள்ளே புகுந்த திருடன் வேலை அது. உண்மையான ஒப்பந்தக்காரர் "பணம் வரலையே"ன்னு கேட்டப்பதான் விஷயமே தெரிஞ்சுது. கணக்கு எழுதறவன் உள்ளே இருந்தாலும் வெளியே இருந்தாலும், பேங்க் நம்பர் மாறுதுன்னா ஏற்கெனவே தெரிஞ்ச போன் நம்பருக்கு ஒரு தடவை கூப்பிட்டுக் கேட்கணும். வெளியே கொடுத்தா மெயில் போக்குவரத்து கூடும், ஆபத்தும் கூடும்.

எல்லாத்தையும் விட எனக்கு ஆத்திரம் வர்றது வேற ஒரு கூட்டத்து மேல. கணக்கை வெளியே கொடுத்துட்டு, சபையார் கேள்வி கேட்டா "அதெல்லாம் ஆபீஸ் பார்த்துக்குது, அங்கே கேளுங்க"ன்னு தட்டிக் கழிக்கற போதகர்களும் கமிட்டிகளும். என் பதினொண்ணுல ரெண்டு சபை அப்படித்தான். நான் மாசா மாசம் அனுப்பற அறிக்கையை யாரும் திறந்துகூடப் பார்க்கறதில்லை. கட்டட நிதியில இருந்து கரண்ட் பில் கட்டியிருக்கீங்க, கட்டடத்துக்குன்னு வாங்கின காசை இப்படிச் செலவு பண்ணக் கூடாதுன்னு சிவப்புல எழுதி அனுப்பறேன். அடுத்த மாசமும் அதே. இவங்களுக்கும் எங்க பெரியவருக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியலை. அவர் ஆளை நம்பிக் கண்ணை மூடறார், இவங்க கம்பெனியை நம்பிக் கண்ணை மூடறாங்க.

அடுத்த கூட்டம் வர்ற மாசம் ரெண்டாவது சனிக்கிழமை. தீர்மானத்தைச் சின்னதாக்கிக் கொண்டு போறதா இருக்கேன். காணிக்கை எண்ணறது நம்ம சபையிலயே, சொந்தம் இல்லாத ரெண்டு பேர், மாசா மாசம் ஆள் மாறணும். செக் கையெழுத்து நம்மகிட்டயே. எழுதறது மட்டும் வெளியே. ஏலப் பாக்கி, வாக்குப் பண்ணின காணிக்கை எல்லாம் தனிப் பத்தி. மாத அறிக்கை கமிட்டிக்கு மட்டும் இல்லாம வாசல்ல அறிவிப்புப் பலகையிலயும் ஒட்டணும். அதோட இன்னொண்ணு, காணிக்கைப் பெட்டி மேல ஒட்டியிருக்கற க்யூஆர் கோடை முதல்ல சபைப் பேர்ல இருக்கற பேங்க் கணக்குக்கு மாத்தணும். இப்ப அதை ஸ்கேன் பண்ணினா நம்ம பொருளாளரோட சொந்தக் கணக்குக்குத்தான் போகுது. வசதிக்காக அவரே கொரோனா சமயத்துல ஒட்டினது. மாசக் கடைசியில கூட்டிப் பார்த்து சபைக் கணக்குக்கு அனுப்பிடறார், நயா பைசா பாக்கி இல்லாம. நேத்து அவர்கிட்ட தனியா உட்கார்ந்து இதைச் சொன்னேன். எங்கப்பா கதையையும் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாம இருந்தார். அப்புறம், "நீ மறுபடி தீர்மானம் கொண்டு வா தம்பி, இந்தத் தடவை நான் வழிமொழியறேன்"னார்.

பி.கு: ஆள் பிடிக்கற பதிவுன்னு நினைக்கறவங்களுக்கு, எங்க ஆபீஸ் இந்தியச் சபைக் கணக்கு எடுக்கறதில்லை. விசாரிச்சு எனக்குத் தனிமடல் போட வேண்டாம்.